ஒத்தை டைல்ஸ்

திரையில் முப்பத்தொன்று ஓடிக்கொண்டிருந்தது. பிளம்பரின் கையிலிருந்த டோக்கன் நாற்பத்தேழு. சர்வீஸ் சென்டரின் ஏசிக் குளிரில் நாற்காலிகூடச் சில்லென்றிருந்தது. கருவிப் பையைக் கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். ஒரே போனுக்காக ஒன்றரை மாதத்தில் இது நான்காவது வரவு. முதலில் சார்ஜ் ஏறவில்லை என்று வந்தார்; சார்ஜர் குத்தும் இடத்தை மாற்றிக் கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் பழைய கதை. அடுத்து பேட்டரியை மாற்றினார்கள்; சார்ஜ் ஏறியது, ஆனால் இவர் பேசுவது எதிராளிக்குக் கேட்கவில்லை. மூன்றாம் தடவை கேட்க வைத்தார்கள். சார்ஜ் மறுபடி படுத்துக்கொண்டது. நடுவில் கொடுத்த புகார்களெல்லாம் கிணற்றில் போட்ட கல்.

வேறு ஆளாக இருந்தால் எதிர்வரிசைக் கடைக்குப் போயிருப்பார். இவர் போகவில்லை. பதினோரு வருடத்தில் நான்கு போன், நான்கும் இந்தக் கம்பெனிதான், வாங்கியது கீழ்த்தளத்துக் கடையில்தான். மனைவிக்கும் மகளுக்கும் இங்கேயேதான். கூட வேலை செய்கிற கொத்தனார்கள், பெயின்டர்கள் எல்லாரையும் கையைப் பிடித்து இழுத்துவந்து வாங்க வைத்தவர். அதற்காகக் கடை கொடுத்த தங்க நிற அட்டை ஒன்று பர்ஸில் இருந்தது. அதனால் இதுவரை ஒரு பயனும் இல்லை. இருந்தாலும் பேருந்தில் பயணச்சீட்டு எடுக்கும்போதெல்லாம் அது கண்ணில் படும்படி வைத்திருந்தார்.

"மாமியார் வீட்டுக்குப் போற மாதிரி சவரம் பண்ணிட்டுப் போறீங்க. ஒரு வாய் தண்ணியாவது குடுத்தாங்களா?" என்று காலையில் மனைவி கேட்டாள். அவள் துணி ஆலையில் மடிப்புப் பிரிவில் நிற்பவள். நின்று நின்று பேச்சில் சுற்றி வளைக்கும் பழக்கம் போய்விட்டது.

"உனக்குத் தெரியாது. அவங்க என் படத்தையெல்லாம் பத்திரமா எடுத்துக் குடுத்தவங்க."

அதுதான் சங்கதி. அவர் குழாய் பதித்த எந்தச் சுவரையும் படம் எடுக்காமல் பூச விட்டதில்லை. சுவரின் மூலையிலிருந்து டேப்பை இழுத்துப் பிடித்து, வீட்டு எண்ணைச் சாக்பீஸால் செங்கல்மேல் எழுதி, ஒரு படம். வளைவுக்கு ஒன்று, வால்வுக்கு ஒன்று. பிறகு பூச்சு வந்து மூடும், அதன்மேல் டைல்ஸ் வந்து மூடும். வருடங்கள் கழித்து எங்காவது குழாய் கசிந்து சுவரில் ஓதம் காத்தால், போனைத் திறந்து பார்த்துவிட்டு, அளந்து, சரியாக ஒரே ஒரு டைல்ஸை உடைப்பார். ஜாயின்ட் அங்கே இருக்கும். அதனால் ஊரில் அவருக்குப் பெயரே ஒத்தை டைல்ஸ்.

போன் மாற்றிய மூன்று தடவையும் கடைக்காரர்கள் கேட்காமலேயே கேபிள் போட்டுப் பழையதிலிருந்து புதியதற்குப் படங்களை ஏற்றிக் கொடுத்தார்கள். ஐயாயிரத்துச் சொச்சம் சுவர்கள். நகை நட்டை நம்பிக் கொடுத்த மாதிரி கொடுத்தார், ஒன்றும் குறையாமல் வந்தது. மனிதனுக்கு விசுவாசம் வர இதைவிட என்ன வேண்டும்.

ஒரு சின்னக் கள்ளத்தனமும் அவரிடம் உண்டு. படம் பார்க்கும் விஷயத்தை யாரிடமும் சொன்னதில்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்துவிட்டு, பிறகு கதவைத் திறந்துவைத்து, எல்லாரும் பார்க்க விரல் முட்டியால் சுவரைத் தட்டுவார். காதை வைப்பார். "இங்கதான்" என்பார். கைராசி என்று ஊர் சொன்னது. அவரும் இல்லையென்று சொல்லவில்லை.

திரையில் முப்பத்தெட்டு வந்தது. குளிர் கண்ணைச் சொருகியது. அவருக்கு அப்படிச் சொருகும்போதெல்லாம் ஒன்றே வரும்: சுவர்கள் கரைந்துவிடும். தெருவில் நடக்கிறார்; வீடுகள் இருந்த இடத்தில் குழாய்கள் மட்டும் நிற்கின்றன. தரைக்குள்ளிருந்து எழுந்து, மாடி மாடியாகக் கிளை பிரிந்து, கை நீட்டி, குனிந்து, ஒவ்வொரு நுனியிலும் யாரோ முகம் கழுவுகிறார்கள். யாருக்கும் யாரையும் தெரியவில்லை. தண்ணீருக்கு மட்டும் எல்லாரையும் தெரிகிறது. அவர் ஒவ்வொரு வளைவையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், அதது திரும்பிப் பார்க்கிறது.

"டோக்கன் நாற்பத்தேழு!"

வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கவுன்டரில் இருந்த பெண்ணுக்கு மகள் வயதுதான் இருக்கும். அவள் பின்னால் இருந்த சிறு விளக்கு, ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஆறு நிமிடம் ஆனால் சிவப்பாகும். அவள் அதைத் திரும்பிப் பார்க்காமலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், இந்தத் தடவை போர்டையே மாத்தணும்னு டெக்னீஷியன் எழுதியிருக்காரு. நீங்க கோல்டு கஸ்டமர்ங்கறதால ஃப்ரீயா பண்ணித் தர்றோம்."

அவருக்கு மனம் நிறைந்துவிட்டது. "பாத்தியாம்மா! பழகினவங்கன்னா பழகினவங்கதான். என் சம்சாரம் கிட்ட சொன்னா நம்ப மாட்டா. வெள்ளிக்கிழமை எனக்குப் போன் கட்டாயம் வேணும், பாத்துக்க."

"வியாழக்கிழமை வாங்க சார். டேட்டா வேணுமா?"

இந்தக் கவுன்டரில் கவர் வேணுமா, கண்ணாடி வேணுமா, இன்சூரன்ஸ் வேணுமா என்று வருகிறவர் தலையில் எதையாவது கட்டப் பார்ப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். சிரித்தார்.

"டேட்டாவா? அது நேத்தே தீந்துபோச்சும்மா. வேண்டாம். நானே பாத்துக்கறேன்."

"வேண்டாம்" என்றிருந்த சின்னக் கட்டத்தை அவள் திரையில் தட்டினாள். பொடி எழுத்து நிறைந்த திரையை அவர் பக்கம் திருப்பினாள். சிமென்ட் அரித்த விரலால் அவர் கண்ணாடியில் கையெழுத்துப் போட்டார். சூட்டில் வளைந்த குழாய் மாதிரி வந்தது. விளக்கு பச்சையாகவே இருந்தது.

வெள்ளிக்கிழமையில்தான் எல்லாம் இருந்தது. நாற்பத்தெட்டு வீடுகள் உள்ள அடுக்குமாடிக் கட்டடம். கட்டும்போது குழாய் பதித்தவர் இவரே, அன்றிலிருந்து பராமரிப்பும் இவரே. வருட ஒப்பந்தம் இந்த மாதம் முடிகிறது. மிஷின் வைத்துக் கசிவைக் கண்டுபிடிக்கும் ஒரு நிறுவனம் அதைப் பிடிக்க நடையாய் நடந்துகொண்டிருந்தது. மூன்றாம் மாடியில் குடியிருப்போர் சங்கச் செயலாளரின் சொந்த வீட்டுக் குளியலறையிலேயே ஓதம். "இதை முடிச்சுக் குடுங்க, அடுத்த வருஷமும் நீங்கதான். நான் பேசிக்கறேன்" என்று அவர் சொல்லியிருந்தார். வீட்டில் வருகிற அரிசி பருப்பில் பாதி அந்த ஒப்பந்தத்தால் வருவது.

வியாழக்கிழமை போன் மினுமினுவென்று வந்தது. சார்ஜ் ஏறியது. பேசினால் கேட்டது. கவுன்டரிலேயே நின்று படங்களைத் திறந்தார். வெள்ளையாக ஒரு பக்கம். 'படங்கள் எதுவும் இல்லை' என்றது.

மூடிவிட்டு மறுபடி திறந்தார்.

"பாப்பா, படத்தையெல்லாம் வேற எங்கயாவது எடுத்து வச்சிருக்கீங்களா?"

"எந்தப் படம் சார்? நீங்க டேட்டா வேண்டாம்னு சொன்னீங்களே."

"டேட்டாதானே வேண்டாம்னேன். போட்டோவை எப்ப வேண்டாம்னேன்?"

அந்தப் பெண் நிமிர்ந்து முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"போட்டோதான் சார் டேட்டா."

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. ரீசார்ஜ் போட்டால் வருவதும், தீர்ந்தால் மறுநாள் காலையில் திரும்ப வருவதும் டேட்டா. பதினோரு வருடம் எப்படி டேட்டா ஆகும்?

"கிளவுட்ல ஏத்தி வச்சிருந்தீங்களா சார்?"

"போன் தினம் கேக்கும், இப்பவா, பிறகான்னு. அது டேட்டாவக் குடிச்சிரும்னு மக சொன்னா. பிறகுன்னே அமுக்கிட்டு வந்தேன்." பிறகு அவசரமாக, "பழைய போர்டுல இருக்கும்ல? அதைக் குடும்மா. நான் யாரையாவது வச்சு எடுத்துக்கறேன்" என்றார்.

அவள் உள்ளே போனாள். விளக்கு சிவப்பானது. திரும்பி வந்தபோது குரல் இறங்கியிருந்தது. "ஃப்ரீயா மாத்தினா பழசு கம்பெனிக்குப் போயிடணும் சார். காசு கட்டி மாத்தியிருந்தீங்கன்னா பழசை உங்க கையிலயே குடுத்திருப்போம்."

"அப்ப இப்பக் கட்டறேன்."

"பில் மூடியாச்சு சார். பழசைப் பெட்டியில போட்டு சீல் வச்சுட்டாங்க. என்னால திறக்க முடியாது."

"பதினோரு வருஷம்மா!" என்று கத்திவிட்டார். நாற்காலிகளில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். பர்ஸிலிருந்து தங்க அட்டையை எடுத்துக் கவுன்டரில் அடித்து வைத்தார். "இந்தா, இதை நீங்களே வச்சுக்கங்க. எனக்கு என் சுவரைக் குடுங்க!"

அவள் அட்டையை மெதுவாக அவர் பக்கமே தள்ளினாள். "டேட்டான்னு கேக்கத்தான் சார் எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. வேற மாதிரி கேக்கணும்னு எனக்குத் தோணல" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அவருக்குக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "டோக்கன் பத்தொன்பது" என்று திரை கூப்பிட்டது.

கதவருகே வந்தபோது, இரண்டு கையிலும் சாம்பல் நிறப் பெட்டியோடு கூரியர்காரர் ஒருவர் பின்னால் வந்தார். கை நிறையச் சுமையோடு வருகிறவருக்குக் கதவைத் திறந்து பிடிப்பது வேலைக்காரர்களின் வழக்கம். இவரும் பிடித்தார். "ரொம்ப தேங்க்ஸ்ணே" என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார். கதவு மூடும்போதுதான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கவுன்டர் பெண் எழுந்து நின்று, வாயைக் கையால் பொத்திக்கொண்டு பெட்டியைப் பார்ப்பது தெரிந்தது. பிளம்பர் படிகளில் ஓடினார். கூரியர்காரர் போய்விட்டிருந்தார்; கீழே எல்லா வண்டிகளும் அவர் கண்ணுக்குச் சாம்பல் நிறமாகவே தெரிந்தன.

பேருந்தில் கண்ணை மூடிக்கொண்டு செயலாளர் வீட்டுக் குளியலறையை மனதுக்குள் கூப்பிட்டுப் பார்த்தார். ஜன்னலுக்குக் கீழே ஒரு வளைவு வந்தது. டேப்பில் ஒரு எண் வந்தது. படிக்கப் போனால் நெளிந்தது. அது நாலாம் மாடியினுடையதா, வேறு ஏதோ ஆஸ்பத்திரியினுடையதா? ஒரு குழாய் இன்னொன்றுக்குள் நுழைந்து வேறு வீட்டில் வெளியே வந்தது. கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தவையெல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. அவர் இறங்க வேண்டிய நிறுத்தம் எப்போதோ போயிருந்தது.

"செயலாளர்கிட்ட உண்மையச் சொல்லிருங்க" என்றாள் மனைவி. "படம் போச்சு, அதான் தெரியலன்னு."

"எந்தப் படம்னு கேப்பாரே. இத்தனை வருஷம் கைராசின்னுல்ல நெனச்சுட்டிருக்காரு."

"தட்டிக் காட்டும்போது நல்லா இருந்துச்சுல்ல?" என்றாள். சொன்ன பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை செயலாளர் கதவைத் திறந்தே வைத்திருந்தார். "வாங்க ஒத்தை டைல்ஸ்! உங்களுக்காகத்தான் காத்துட்டிருக்கேன்." குளியலறை முழுக்க வெளிர் நீல டைல்ஸ். தரையில் ஓரமாக, காகிதம் பிரித்து, புத்தம் புதிதாக ஒன்றைச் சாய்த்து வைத்திருந்தார். "இந்த நிறம் இப்ப வர்றதே இல்ல. வீடு கட்டினப்ப மிஞ்சினது இது ஒண்ணுதான். நீங்கதானே வர்றீங்க, ஒண்ணு போதும்னு என் வீட்டுக்காரிகிட்டச் சொன்னேன்."

பிளம்பர் விரல் முட்டியால் தட்டினார். இந்தத் தடவை நிஜமாகவே கேட்டார். சுவரில் காதை வைத்துக் கண்ணை மூடினார். உள்ளே தண்ணீர் ஓடியது. மேல் மாடியில் யாரோ குளிக்கிறார்கள், கீழே யாரோ பாத்திரம் கழுவுகிறார்கள், நாற்பத்தெட்டு வீட்டுத் தண்ணீரும் எங்கோ தொலைவில், மழைபோல. எல்லாத் திசையிலும் இருந்தது. எங்கேயும் இல்லை. அங்கேயே அப்படியே நின்று தூங்கிவிடலாம் போலிருந்தது.

"இங்கயா?" என்றார் செயலாளர், ஆவலாக.

"இங்கதான்."

உளியை வைத்தார். முதல் டைல்ஸ் விழுந்தது. காய்ந்த செங்கல். "கொஞ்சம் தள்ளி இருக்கு சார்" என்றார். இரண்டாவதிலும் காய்ந்த செங்கல். மூன்றாவதை உடைக்கும்போது செயலாளர் ஓரத்தில் சாய்த்து வைத்த புது டைல்ஸைப் பார்த்தார். நான்காவதற்கு உளியை வைத்தபோது, "போதும், நிறுத்துங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, சொந்தக்காரர் ஒருவர் சபையில் உளறுவதைப் பார்த்த மாதிரிச் சொன்னார். "வயசாயிட்டாலே கை தப்பத்தான் செய்யும். தப்பா எடுத்துக்காதீங்க. அந்த மிஷின்காரங்களையே வரச் சொல்லிடறேன்."

கூடத்துக்குப் போய் அவர் போனில் பேசுவது கேட்டது. "ஆமா, வருஷ காண்ட்ராக்ட்தான்… திங்கக்கிழமையா? சரி, வாங்க."

பிளம்பர் உளியைத் துடைத்துப் பையில் போட்டார். நீலச் சில்லுகளைப் பொறுக்கி ஒரு சாக்கில் கட்டினார். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டவர்போல் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. டேப்பை மூலையிலிருந்து இழுத்தது, சாக்பீஸால் செங்கல்மேல் வீட்டு எண்ணை எழுதியது, போனை எடுத்தது.

வெள்ளைப் பக்கத்தில் முதல் படம் வந்து உட்கார்ந்தது: மூன்று டைல்ஸ் அகலத்துக்குக் காய்ந்த செங்கல், குழாய் இல்லை. கீழே ஓரத்தில், சுவரில் சாய்ந்தபடி, உடையாத ஒரு நீல டைல்ஸ்.