கிணற்றுப் பாலாமை

என் கணவர் செங்கல்வராயன் இரண்டாவது முறையும் சட்னி கேட்டார். கேழ்வரகுக் களிக்கு வேர்க்கடலைச் சட்னி. போட்டுவிட்டு நிமிர்ந்தபோது வாசலில் ரங்கையாவின் குரல். அவருக்குப் பெரியப்பா மகன். ஆந்திர எல்லையில், நகரிக்குப் பக்கத்தில், எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே உள்ள கிணற்றில் ஆளுக்குப் பாதி.

"டேய், நாளிக்கி டிராக்டர்ல மண்ணு வருது. கெணத்த மூடப்போறேன். உன் ஆமைய எட்த்துக்கினு போ."

"உம் பாதிய நீ மூடிக்கோண்ணா. எம் பாதியில அது கெடக்கட்டும்."

ரங்கையா சிரிக்கவில்லை. போர்வெல் போட்ட பிறகு அவனுக்கு அது கிணறு இல்லை, வீட்டுமனை.

ஏரியில் வண்டல் அள்ளும்போது கிடைத்த பாலாமை. புழுவையும் அழுகலையும் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைக்கும் என்று எங்கள் பக்கம் கிணற்றில் விடுவார்கள். பின்கால்களை உள்ளே இழுத்தால் தோல் மடிப்பு கதவுபோல் மூடிக்கொள்ளும். அதை உயிரோடு மண்ணில் புதைக்க அவருக்கு மனமில்லை. அந்த மே மாதம் கிணற்றில் முழங்கால் அளவு சேறுதான்.

இறங்கும் முன் எரியும் லாந்தரைக் கயிற்றில் இறக்குவது வழக்கம். அணைந்தால் உள்ளே நல்ல காற்று இல்லை, இறங்கக் கூடாது. அவர் லாந்தரைத் தேடினார்.

"ஆமையே நவுந்துக்கினு கீது. வெளக்கு எதுக்குடா? பயமா கீதுன்னு சொல்லு" என்றான் ரங்கையா.

நானும் எட்டிப் பார்த்தேன். சேற்றின் மேல் கூர்மூக்கு அசைந்தது. "காத்து நல்லாத்தான் கீது போல" என்று நானும் சொன்னேன்.

அவர் லாந்தரை விட்டுவிட்டு இறங்கினார். கிணற்றின் அடிக்கு இரண்டு படி மேலேயே கை நழுவியது. கூப்பிடவே இல்லை. இறங்கப் பாய்ந்த என்னைக் கூந்தலைப் பிடித்து இழுத்துப் போட்டவன் ரங்கையா. அதற்காகவும் அவனை நான் மன்னிக்கவில்லை.

தீயணைப்புக்காரர்கள் முகமூடி போட்டு இறங்கி அவரைத் தூக்கினார்கள். ஆமையை வாங்கிப்போக வந்த வனத்துறை ஆள் தெலுங்கில் கேட்டார்: வறட்சியில் மாதக்கணக்காகச் சேற்றுக்குள் கிடக்கிற பிராணி, கொஞ்சம் காற்றே அதற்குப் போதும், இதை நம்பியா மனுஷனை இறக்கினீர்கள்?

நான் ரங்கையாவைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான்.

காரியம் முடிந்த மறுநாள் பத்திரத்தோடு வந்தான். "இனிமே யாருக்கும்மா இந்தக் கெணறு? ஒரு கையெழுத்து போடு, மூடிர்லாம்."

"மொதல்ல நீ எறங்கிட்டு வா மாமா. அப்பால போடறேன்."

நான்கு வருடமாக யார் யாரையோ தூது அனுப்புகிறான். நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.