மதியத்துக்கு மேல் ஒரு கை

ஆஸ்பத்திரிக்கு நான் தரவேண்டிய பாக்கி நாற்பத்து மூவாயிரத்து அறுநூற்று எழுபது. கொஞ்சம் குறைக்கக் கூடாதா என்று கல்லாவில் பணம் வாங்குகிற அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். "கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சுப்பா. இனிமே என்னால இறக்க முடியாது" என்றார். என் பிழைப்பே ஏற்றி இறக்குவதுதான். ஏறின சரக்கு இறங்காது என்று யாரும் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை.

அந்தப் பாக்கிக்கு ஈடாக என் மச்சானின் வேனுடைய ஆர்.சி. புத்தகம் ஆஸ்பத்திரி அலமாரிக்குள் இருந்தது. மச்சான் என் மனைவியின் அண்ணன். என் மணிக்கட்டு அறுந்த அன்றைக்கு, முன்பணம் கட்டாமல் ஆபரேஷன் இல்லை என்றார்கள். அவர்தான் வண்டிக்குள்ளிருந்து புத்தகத்தை எடுத்துவந்து மேசையில் வைத்தார். இப்போது அந்தப் புத்தகம் இல்லாமல் வேனுக்கு உரிமம் புதுப்பிக்க முடியாது. அடுத்த மாதக் கடைசி தாண்டினால் வண்டி தெருவோரம் நிற்கவேண்டியதுதான். அவர் வீட்டில் ஐந்து வயிறு அந்த வண்டியை நம்பி இருந்தது.

அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால்கூடப் பாரம் குறைந்திருக்கும். வீட்டுக்கு வருவார், "கை எப்படி இருக்கு மாப்ள?" என்பார். "பரவாயில்ல மச்சான்" என்பேன். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விடுவார். அவர் போனதும் என் மனைவி பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவுவாள்.

எனக்குக் கண்ணாடிக் கிடங்கில் வேலை. பெரிய தகடுகளை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையில் பிடித்து லாரியிலிருந்து இறக்குவோம். ஒருநாள் ஒரு தகடு நடுவில் விண்டு என் வலது மணிக்கட்டில் இறங்கிவிட்டது. தையல் ஆறின பிறகும் கட்டைவிரல் அதன் இடத்தில் சும்மா இருந்ததே தவிர, சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. கை டாக்டர் மோதிர விரலிலிருந்து ஒரு நரம்பை எடுத்து, வளைத்துக் கொண்டுபோய்க் கட்டைவிரலில் கட்டினார். "நரம்பு இல்லப்பா, தசைநாண்" என்று அவர் திருத்திக்கொண்டே இருந்தார். நான் நரம்பு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மற்ற டாக்டர்கள் வாரக்கணக்கில் மாவுக்கட்டுப் போட்டு வைப்பார்களாம். இவர் சில நாளிலேயே விரலை அசைக்க வைத்துவிட்டார். அது அவருடைய சொந்த முறை. அதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. இருக்கவேண்டியதுதான். சட்டைப் பொத்தானை நானே போட்ட அன்று என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தாள்.

ஒருநாள் பரிசோதனை முடிந்ததும் டாக்டர் என்னை உட்காரச் சொன்னார்.

"அடுத்த மாசம் பெரிய மாநாடு இருக்கு. பல ஊர்லேர்ந்து கை டாக்டருங்க வர்றாங்க. அவங்கவங்க செஞ்ச வைத்தியத்தை எடுத்துச் சொல்லுவாங்க. உன் கையைப் பத்தி நான் பேசப் போறேன். நீ மேடைக்கு வந்து கையைக் காட்டினா போதும்."

"பாக்கி சார்?"

"நல்லபடியா முடியட்டும். நிர்வாகத்துல பேசி ஆராய்ச்சிக் கணக்குல தள்ளிடறேன்."

நல்லபடியா என்ற அந்த ஒரு சொல்தான் எனக்கு உறுத்தியது. ஏனென்றால் என் கை மதியம் வரைக்கும்தான் கை. காலையில் எதைக் கொடுத்தாலும் பிடிக்கும். சாப்பாட்டு வேளை தாண்டினால் கட்டைவிரல் மெல்லக் கழன்றுகொள்ளும், வேலை முடியாமலே வீட்டுக்குப் போகிற ஆள் மாதிரி. அதற்கு மேல் மேஸ்திரி என்னைத் தகடு தொட விடமாட்டார். பெருக்கவும் தகடுகளுக்கு இடையே திணித்த வைக்கோலைப் பிரிக்கவும் அனுப்புவார், பாதிக் கூலி. கிடங்கில் எனக்கு ஒண்ணரைக்கை என்று பெயரே வந்துவிட்டது. "ஒண்ணரைக்கை வந்தாச்சு, அரைக்கைக்கு டீ யார் குடுக்கறது?" என்பார்கள். நானும் சிரிப்பேன்.

டாக்டர் நோயாளிகளைப் பார்ப்பது காலையில் மட்டும். என் மதியக் கையை அவர் கண்ணால் கண்டதில்லை. அவர் கேட்கவில்லை, பாக்கி வைத்திருக்கிறவன் தானாக வாயைத் திறக்கவில்லை.

"மேடை எத்தன மணிக்காம்?" என்று என் மனைவி கேட்டாள்.

"தெரியல."

"அதைக் கேக்காம வேற என்னத்தக் கேட்டுட்டு வந்தீங்க?"

மறுநாள் போய்க் கேட்டேன். "காலையில முதல் ஆளு நீதான்" என்றார் டாக்டர். அன்று இரவு கொஞ்சம் தூங்கினேன்.

மாநாடு ஒரு பெரிய ஓட்டலில். கால் புதையும் கம்பளம். குளிர் அடித்துக்கொண்டிருந்தது. வாசலில் எல்லாருக்கும் கழுத்தில் மாட்ட ஓர் அட்டை கொடுத்தார்கள். அவரவர் பெயரும் படிப்பும் அதில் இருந்தன. என் அட்டையில் 'நோயாளி' என்று மட்டும் போட்டிருந்தது. பக்கத்து அறையில் உட்காரச் சொன்னார்கள். அங்கே இன்னொரு நோயாளி, முழங்கை நீட்டமுடியாமல் இருந்து சரியான பெரியவர் ஒருவர், பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார்.

"புதுசா?" என்றார்.

"ஆமாங்க."

"ஒண்ணுக்குப் போறதுன்னா இப்பவே போய்ட்டு வந்துடு. அப்புறம் விட மாட்டாங்க. எனக்கு இது நாலாவது மாநாடு. என் டாக்டர் முதல் மாநாட்டுல சின்ன டாக்டர், இப்பத் துறைக்கே தலைவர். நான் அப்பவும் முழங்கை, இப்பவும் முழங்கை."

திறப்பு விழாப் பேச்சு நீண்டது. விளக்கு, மாலை, நன்றி, மறுபடி நன்றி. வெளியூர்ப் பெரிய டாக்டர் ஒருவருக்கு மதியம் விமானம் இருக்கிறது என்று அவரை முன்னால் பேச விட்டார்கள். என் டாக்டர் அறைக்குள் தலையை நீட்டி, "சாப்பாட்டுக்கு அப்புறம்தான் நம்ம நேரம். பரவாயில்லல்ல?" என்றார். பதில் வருவதற்குள் போய்விட்டார்.

நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன். பொத்திப் பொத்தி வைத்தால் சாயங்காலம் வரை தாங்கும் என்று ஒரு நப்பாசை. ஆனால் தேநீர் இடைவேளையில் கதவு திறந்தது. முதலில் இரண்டு டாக்டர்கள் வந்தார்கள். "பாக்கலாமா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். கட்டைவிரலை மடக்கச் சொன்னார்கள், நீட்டச் சொன்னார்கள், விரலுக்கு நடுவே காகிதத்தை வைத்து இழுத்துப் பார்த்தார்கள். அவர்கள் போய் நாலு பேரிடம் சொல்ல, நாலு பேர் வந்தார்கள். அப்புறம் வரிசையே நின்றது. அமுக்கு என்று ஒருவர் தன் விரலைக் கொடுத்தார். இன்னும் பலமா என்றார் அடுத்தவர். ஒருவர் போனில் படம் எடுக்க, சரியாக விழவில்லை, இன்னொரு தடவை என்றார். என் தலைக்கு மேலே இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். கிடங்குக்கு வருகிற வியாபாரிகள் தகட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு இப்படித்தான் பேசுவார்கள். "வலிக்குதா?" என்றும் கேட்டார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆளுக்கு ஒன்றிரண்டு முறைதான் மடக்கச் சொன்னார்கள்.

போதும் என்று சொல்ல வாய் வரை வந்தது. நல்லபடியா முடியட்டும் என்பது காதிலேயே இருந்தது. மடக்கினேன்.

"முட்டாள்" என்றார் முழங்கைப் பெரியவர், கூட்டம் குறைந்த நேரத்தில். "வலிக்குதுன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பாங்க."

"வலிக்கலையே."

"அதனாலதான் முட்டாள்ங்கறேன்."

சாப்பிடும்போது ஸ்பூன் இரண்டு முறை தட்டில் விழுந்தது. இடது கையால் சாப்பிட்டேன்.

மண்டபத்தில் பாதிப் பேர் சாப்பாட்டு மயக்கத்தில் இருந்தார்கள். டாக்டர் திரையில் படங்களை ஓட்டினார். என் கை கதவு அளவுக்குத் தெரிந்தது, வெட்டுப்பட்ட நிலையில், தைத்த நிலையில், பொத்தான் போடும் நிலையில். கடைசிப் படத்துக்கு வந்ததும் எனக்காகத் தமிழிலும் சொன்னார்: நோயாளி பழைய வேலைக்கே முழுசாகத் திரும்பிவிட்டார். இதே முறையில் இன்னும் பல பேருக்குச் செய்திருக்கிறோம், அடுத்த வாரமும் ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

பிறகு என்னைக் கூப்பிட்டார். சாவியைத் திருப்பினேன், திரும்பியது. பொத்தான் போட நேரமானது. முன்வரிசையில் யாரோ இருமினார்கள். கடைசியாகத் தண்ணீர் பாட்டில். எடுத்தேன், இடுப்பு உயரம் வரை வந்தது. அதற்கு மேல் அது என் கையில் இல்லை. உருண்டு போய், மேடையின் ஓரத்தில் தலைமை வகித்த நரைத்த தலை டாக்டரம்மாவின் காலருகே நின்றது.

"கொஞ்சம் பதட்டம்" என்றார் டாக்டர் சிரித்தபடி. காதோரம் அவருக்கு வியர்த்திருந்தது.

டாக்டரம்மா பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். "பதட்டமாப்பா?" என்று என்னைக் கேட்டார். நான் ஆமாம் என்று சொல்வதற்குள் டாக்டர் பக்கம் திரும்பி, "நீங்க இவரை எப்பவும் எந்த நேரத்துல பாப்பீங்க?" என்றார்.

"காலையிலதான் மேடம். ஓ.பி. காலையிலதானே."

"ம்." மறுபடி என் பக்கம் திரும்பினார். "வேலை செய்யற அன்னிக்கு, சாயங்காலம் கை எப்படி இருக்கும்?"

எனக்கு ஒரு பதில் கைவசம் இருந்தது. காலையிலிருந்து இங்கே இருக்கிறவர்கள் எல்லாரும் மடக்கிப் பார்த்ததால் கை சோர்ந்துவிட்டது என்று சொல்லலாம். பொய்யும் இல்லை. மண்டபமே சிரித்திருக்கும், டாக்டருக்குக் கைதட்டியிருப்பார்கள், மச்சானின் புத்தகம் மறுநாளே கைக்கு வந்திருக்கும். நாக்கின் நுனியில் அதுதான் இருந்தது.

அந்தக் கடைசிப் படம் இன்னும் திரையிலேயே இருந்தது. பழைய வேலைக்கே முழுசாக. அடுத்த வாரம் படுக்கப்போகிற ஆளை நினைத்தேன். அவனும் என்னைப் போல் ஏதோ ஒன்றின் ஒரு முனையைப் பிடிக்கிறவனாக இருப்பான். கைக்கு ஒன்றுமில்லை, போய்த் தூக்கு என்று டாக்டர் எழுதிவைத்த காகிதத்தை நம்பி அவனை அனுப்பிவிடுவார்கள்.

"மதியத்துக்கு மேல நான் கண்ணாடி தூக்கறதில்லம்மா" என்றேன். "கழண்டுடும். அந்த முனையில பிடிக்கறவனும் பிள்ளகுட்டிக்காரன்."

"தினமுமா?"

"தினமும்தான்."

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். "இதை அளந்தீங்களா?" என்று டாக்டரிடம் கேட்டார். குரலில் குத்தல் இல்லை. டாக்டர் இல்லை என்று தலையாட்டினார். பின்வரிசையில் ஒருவர் எழுந்து, தன் நோயாளிகளையும் காலையில்தான் பார்ப்பதாகவும், சாயங்காலத்தைப் பற்றித் தனக்கும் தெரியாது என்றும் சொன்னார். அதற்குப் பிறகு எல்லாரும் இங்கிலீஷில் பேச ஆரம்பித்தார்கள். தூங்கினவர்களும் விழித்துக்கொண்டார்கள். மேடையில் எனக்கு நாற்காலி இல்லை. நின்றேன்.

திரும்பும்போது டாக்டர் தன் காரிலேயே என்னை ஏற்றிக்கொண்டார். ஒரு சிக்னலில் நின்றபோது, "ஏம்ப்பா, முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

"காலையில கேட்டீங்க சார். காலையில நல்லாத்தான் இருந்துச்சு."

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "மூணு வருஷ வேலை" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. பாக்கியைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. என்னைத் தெருமுனையில் இறக்கிவிட்டார்.

மச்சான் வீட்டில் காத்திருந்தார். என் மனைவி கதவருகே நின்றாள்.

"எப்படிப் போச்சு மாப்ள?"

"கவுத்துட்டேன் மச்சான்." நடந்ததைச் சொன்னேன். புத்தகத்தைப் பற்றிச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். "உன் எதிர்முனைக்காரன் என் வேன்லதான் வீட்டுக்குப் போறான், தெரியுமா?" என்றார். பிறகு, "வண்டி நின்னா நிக்கட்டும். தள்ளுவண்டி ஓட்டியும் பொழைச்சவன்தான் நான்" என்றார். சொன்னதில் பாதிதான் உண்மை என்று மூன்று பேருக்கும் தெரியும். அன்று என் மனைவி பாத்திரங்களைச் சத்தமில்லாமல் கழுவினாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. வேலை முடிந்து நேராக வா, குளித்துவிட்டு வராதே என்று டாக்டர் சொன்னாராம்.

போனேன். சட்டையெல்லாம் வைக்கோல் தூசு. அவர் அறையில் என்னைப் போல் இன்னும் சிலர் இருந்தார்கள், எல்லாருக்கும் மணிக்கட்டில் அதே தழும்பு. ஒருவர் தச்சர், ஒருவர் துணி வெட்டுகிறவர். டாக்டர் ஒவ்வொருவர் கையிலும் பிடி அளக்கும் கருவியைக் கொடுத்து அமுக்கச் சொன்னார். வந்த எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டார். என் முறை வந்தபோது, "பாதிதான் இருக்கு" என்றார்.

"ஆமா சார்."

"எல்லாருக்கும் கிட்டத்தட்ட இப்படித்தான். எழுதினதைத் திருத்தி எழுதணும். அதுக்கு ஒரு வருஷம் நீங்க எல்லாரும் மாசம் ஒரு தடவை சாயங்காலம் வரணும்." அவருக்கும் அன்று நாள் முழுக்க ஆபரேஷன் இருந்திருக்கும்போல. பேனாவை மூடக்கூட இல்லை. "கை இதுக்கு மேல பெரிசாத் தேறும்னு நான் சொல்ல மாட்டேன்."

"தெரியும் சார்."

"பாக்கி வச்சுக்கிட்டு ஆராய்ச்சிக்கு வான்னு ஒருத்தரைக் கூப்பிட முடியாது. சட்டம் விடாது. நிர்வாகத்துல சண்டை போட்டுத்தான் வாங்கினேன்." ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். "கல்லாவுல குடு."

கல்லா அம்மா தாளை இரண்டு முறை படித்தார். யாருக்கோ போன் செய்தார். கம்ப்யூட்டரில் நெடுநேரம் தட்டினார். பிறகு அலமாரியைத் திறந்து வேன் புத்தகத்தை எடுத்து, மேலே ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்தார்.

"முழுசும் தள்ளிட்டாங்கப்பா" என்றார். "இங்க ஒரு கையெழுத்துப் போடு."

பேனா வலது கையில் நிற்கவில்லை. அவர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். இடது கைக்கு மாற்றிக் கோணலாகப் போட்டுக் கொடுத்தேன்.