நேர்ல பேசணும்

கிளவுட் நிறுவனத்தின் மின்னஞ்சல் பணிவாகத்தான் சொன்னது. பழைய குவாண்டம் இயந்திரத்தை நிறுத்துகிறார்கள். அதிலிருக்கும் ஆய்வுப் பதிவுகள் அழியாமலிருக்க வேண்டுமானால் இன்று ஐந்து மணிக்குள் கணக்கின் உரிமையாளர்கள் இருவரும் சம்மதிக்க வேண்டும். ஒருத்தி குண்டசாலையிலிருக்கும் யசோதினி. மற்றவன் மோகனராஜ். அவனோடு அவள் கதைத்து நான்கு வருடம்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில், மின்வெட்டில் நாடே இருட்டில் கிடந்தபோது, இருவரும் ஒரே ஆய்வைச் செய்தார்கள். பாதிக் கணக்கைக் கடலுக்கு அப்பாலுள்ள அந்த இயந்திரம் போடும். அதன் விடையைப் பார்த்து அடுத்த எண்களை அனுப்புவது இவர்களுடைய மடிக்கணினியின் வேலை. இடையில் மின்சாரம் போனால், வரிசையில் மணிக்கணக்காகக் காத்துப் பிடித்த முறையும் போச்சு. நல்ல வேளை, அவனிருந்த வத்தேகமவில் மின்வெட்டு ஒரு நேரம், இங்கே ஒரு நேரம்.

"கரண்ட் போகப்போகுது, நீங்க புடிங்க" என்பான் போனில்.

"ஓம், பிடிச்சிட்டன்" என்பாள்.

பெட்ரோல் இல்லை, காஸ் இல்லை, சோறு விறகடுப்பில். ஆனாலும் அப்படியொரு சந்தோஷமான காலம் அவளுக்கு அதன்பிறகு வாய்க்கவே இல்லை.

கடைசித் தடவை அவள் நித்திரையாகிப்போனாள். முறை போனது. "நேர்ல பேசணும். நாளைக்கு வாங்க" என்று அவனிடமிருந்து செய்தி வந்தது. வடக்கே கோண்டாவிலில் பிறந்தவளுக்குப் பேசுவதென்றால் ஏசுவது, மற்றதெல்லாம் கதைப்பது. எனக்குப் பேச இவர் ஆர் என்று கோபம் மூக்கு நுனிக்கு வந்தது. போகவில்லை. அவன் அழைத்தபோதெல்லாம் எடுக்கவுமில்லை. மகா கெட்டிக்காரி.

இன்றைக்கு அந்த ரோஷத்தைப் பார்த்தால் அத்தனை மாத வேலையும் போய்விடும். நாலரைக்கு அவனை அழைத்தாள்.

"மெயில் பாக்கலங்க" என்றான் மோகனராஜ், நேற்றுத்தான் கதைத்தவன் போல. "இருங்க... இந்தா, அமுக்கிட்டேன்."

நன்றி சொல்லி வைத்திருக்கலாம். வைக்க மனம் வரவில்லை.

"அண்டைக்கு நீங்கள் பேசோணும் எண்டு எழுதினவுடனை எனக்குக் கோவம் வந்திட்டுது. நித்திரையானது என்ரை பிழைதான். அதுக்காக நேரிலை கூப்பிட்டுப் பேசுறதே?"



"ஏசுறதுக்குன்னா நெனச்சீங்க?"

"பின்னை என்னத்துக்கு?"

"அம்மாவக் கூட்டிக்கிட்டு ஒங்க வீட்டுக்கு வரலாமான்னு கேக்கங்க."

மறுமுனையில் ஒரு பெண், தேத்தண்ணி ஆறுது என்றாள். "இந்தா வாறேன், நிரோஷா" என்றான் அவன். அந்தக் குரலில் பிரியம் இருந்தது. அது யசோதினிக்கு நன்றாகவே விளங்கியது.

"போய்க் குடியுங்கோ" என்று சொல்லி வைத்தாள்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் அவளும் பொத்தானை அழுத்தினாள். பதிவுகள் ஒவ்வொன்றாக இறங்கின. எல்லாம் வந்து சேர்ந்தன, ஒன்றும் குறையவில்லை. யசோதினி கதிரையில் இருந்தபடியே வாய்விட்டு அழுதாள்.