வாய்க்கால் வெட்டின கூலி

ஆயிரத்து நானூற்று எழுபத்தைந்து ரூபாய். நீர்வேலியில் பஞ்சலிங்கம் மாஸ்டரின் வாழைத்தோட்டத்துக்குத் தண்ணி கட்டும் நல்லம்மா, மகள் சுகந்தியின் தலை ஒப்பரேசனுக்கு இரண்டு தடவை கொழும்பு போக அவரிடம் பட்ட கடன். முதல் தடவை காசோடு நோய்க்கு விளக்கமும் அவரிடமிருந்து இனாமாகக் கிடைத்தது.

"கோயிலுக்குள்ளை வரக்கூடாத ஆக்கள் வந்தால், தலையிலை தண்ணி வராமல் வேறை என்ன வரும்?"

முப்பது வருசம் விஞ்ஞானம் படிப்பித்தவர். பிழையாகச் சொல்லுவாரா?

தொண்ணூறாம் ஆண்டு மாசியில் ஒரு காலை, நல்லம்மாவை மாஸ்டர் வீட்டுப் பின்படலைக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. கடனுக்குத்தான் என்று நினைத்தவள் சுகந்தியையும் கூட்டிக்கொண்டு போனாள். பிள்ளையைக் கண்டால் தவணை தருவார்.

படலைக்குள் மாஸ்டரோடு மருமகள் மீனாம்பிகை நின்றாள். புருசன் ஜேர்மனியில். கையில் மூன்று மாதக் குழந்தை. தலை தொப்பிக்குள் அடங்கவில்லை. கண்ணின் கருமணி கீழே இறங்கி மேலே வெள்ளை தெரிந்தது. மூன்று நாளாகக் குடித்த பாலெல்லாம் சத்தியாக வெளியே வந்தது. வைகாசியில் மாஸ்டரின் மகளுக்குக் கலியாணம்; மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் படாமல் பிள்ளை அறைக்குள்ளேயே வளர்ந்தான். தலையும் வளர்ந்தது. கடவுளுக்கு விலாசம் பிழைத்திருக்க வேண்டும். அந்தக் கோயிலின் தர்மகர்த்தாவே மாஸ்டர்தான்.

"உன்ரை பெட்டைக்கு என்ன மருந்து குடுத்தவங்கள்? இரகசியமாச் சொல்லு. கடனை வெட்டிவிடுறன்."

"மருந்தில்லை ஐயா, வாய்க்கால். எல்லாற்றை தலைக்குள்ளையும் தண்ணி ஊறும், தன்ரை பாட்டிலை வடியும். வழி அடைச்சால் பாத்தி மாதிரி நிரம்பி மூளையை நெரிக்கும். டொக்டர் தோலுக்குக் கீழாலை ஒரு குழாய் வைச்சு வயித்துக்குள்ளை இறக்கிவிட்டவர்."

சுகந்தியின் தலைமயிரை ஒதுக்கினாள். காதுக்குப் பின்னால் சின்ன மேடு. கழுத்து வழியே கயிறுபோல் ஒரு தடம்.

"போன வருசம் அடைச்சது. தலையிடி, சத்தி, ஒரே நித்திரை. ஓடிப்போய் மாத்தினது. இப்ப ரண்டாம் வகுப்பு."

"கணக்கிலை தொண்ணூறு," என்றாள் சுகந்தி.

"சரி, சரி. கலியாணம் முடியட்டும்."

"தண்ணி நாள் பாக்காது ஐயா."

மீனாம்பிகை படலையைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். அந்த வீட்டில் ஒருவரும் நல்லம்மாவுக்குச் சொல்லாத ஒரு சொல் அவள் வாயில் வந்தது.

"நல்லம்மாக்கா, இண்டைக்கே கொழும்புக் கோச்சி ஏறுவம். வருவியளே?"

"எங்கடை பிள்ளையோடை உவளோ?"

"அப்ப நீங்கள் வாங்கோ மாமா. ஆசுப்பத்திரியிலை எந்த வாட்டுக்குப் போகவேணும், சொல்லுங்கோ பாப்பம்?"

விஞ்ஞானப் புத்தகத்தில் அது இருக்கவில்லை.

நல்லம்மாவும் மீனாம்பிகையும் மூன்று கிழமையில் குழாய் வைத்த குழந்தையோடு திரும்பினார்கள். குழந்தை கண்ணை நேரே வைத்துப் பால் குடித்தான். மொட்டைத்தலை. "கதிர்காமத்திலை நேர்த்தி. முடியிறக்கினது," என்று மாஸ்டர் ஊருக்குச் சொன்னார். கதிர்காமத்து முருகனுக்கே அது புதுச்செய்தி. மாப்பிள்ளை வீட்டார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

சொன்ன சொல் மாறாதவர் மாஸ்டர். நல்லம்மாவைப் பின்படலைக்கு அழைத்து, கணக்குக் கொப்பியில் கடனைக் கோடிழுத்து வெட்டி, பக்கத்தில் ஏதோ எழுதினார். சுகந்தி எட்டி வாசித்தாள்.

"அம்மா, 'நேர்த்திச் செலவு' எண்டு கிடக்கு."

நல்லம்மா மண்வெட்டியை நிலத்தில் ஊன்றினாள்.

"பிழை ஐயா. 'நல்லம்மாவுக்கு, வாய்க்கால் வெட்டின கூலி' எண்டு எழுதுங்கோ."

"எழுதாட்டி?"

"கடன் கிடக்கட்டும். உழைச்சுக் கட்டுறன்."

உள்ளேயிருந்து மீனாம்பிகையின் குரல் வந்தது. "எழுதுங்கோ மாமா. குழாய் அடைச்சால் திரும்பவும் நல்லம்மாக்காவைக் கூப்பிட்டு உந்தப் படலையிலைதான் நாங்கள் நிக்கவேணும்."

மாஸ்டர் எழுதினார். சுகந்தி எழுத்துக்கூட்டிப் பார்த்தாள். வாய்க்காலில் ஒரு 'க்' குறைந்தது. அதையும் போடவைத்தாள்.