குளோரின் போட்ட மறுநாள்

கொல்கத்தாவின் கிடர்பூரில் துறைமுக ஊழியர் குடியிருப்பின் முற்றத்தில் நிற்கும் நீல நிற நீச்சல் தொட்டி இந்தக் கோடையில்தான் விசாலத்தின் பொறுப்புக்கு வந்தது. தரையைத் தோண்டாமல், இரும்புக் குழாய்களைச் சட்டமாகப் பூட்டி, கனத்த ரப்பர் துணியை அதில் மாட்டித் தண்ணீர் நிரப்பும் வகை. ஏறி இறங்க ஒரு ஏணி உண்டு. விசாகப்பட்டினத்துக்கு மாற்றலாகிப் போன ஜெய்ராம் குடும்பத்தார் லாரியில் இடமில்லை என்று அதை விட்டுப் போனார்கள். ஊர் ஊராக மாற்றலாகிறவர்களிடையே இது வழக்கம்தான். ஒருவர் விட்டுப்போகிற துளசித் தொட்டியும் கொடிக்கயிறும் அடுத்தவருக்கு உதவும். நீச்சல் தொட்டியோடு ஒரு சிறிய மோட்டாரும் வடிகட்டியும் குளோரின் தூள் டப்பாவும் தண்ணீரைச் சோதிக்கும் தாள்களும் வந்தன.

விசாலத்துக்கு நீந்தத் தெரியாது. ஆனாலும் மகள் அனன்யாவுக்காகவும் குடியிருப்புக் குழந்தைகளுக்காகவும் அவள் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொண்டாள். செல்போனில் வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். தண்ணீருக்கும் புளிப்பு உண்டு, அது கூடினால் கண் எரியும், குறைந்தால் குளோரின் வேலை செய்யாது என்று தெரிந்துகொண்டாள். வெயில் குளோரினைத் தின்றுவிடும் என்பதால் சாயங்காலம்தான் போட வேண்டும். தூளை அப்படியே தொட்டியில் கொட்டக் கூடாது, வாளித் தண்ணீரில் கரைத்து ஓரமாகச் சுற்றி ஊற்ற வேண்டும். காலையில் சோதனைத் தாளை நனைத்து, அதில் வரும் நிறத்தை டப்பாவின் மேலுள்ள நிறங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பாள். இட்லி மாவின் பதம் பார்க்கிற அதே கவனம் இதிலும் இருந்தது.

தண்ணீர் கண்ணாடிபோல் கிடந்தது. முற்றத்துப் பெண்கள் அதைச் சொல்லிச் சொல்லிப் பாராட்டினார்கள். தூத்துக்குடியிலிருந்து வந்த நாள் முதல் வங்காளி பேச வராமல் எல்லோரிடமும் சிரித்துத் தலையாட்டியே காலம் தள்ளியவளுக்கு, மற்றவர்கள் தன்னைப் பெயர் சொல்லி அழைத்துப் பேச ஒரு காரணம் கிடைத்தது. அந்தப் பாராட்டு அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே பிடித்துப்போனது.

ஒரு வாரம் வெயில் கொளுத்தித் தொட்டியில் தண்ணீர் இறங்கிவிட்டது. கார்ப்பரேஷன் குழாயிலும் சரியாகத் தண்ணீர் வரவில்லை. அதனால் முற்றத்து ஆழ்குழாய்க் கிணற்றின் பம்பைப் போட்டு, குறைந்ததை நிரப்பினாள். தண்ணீர் தெளிவாகத்தான் விழுந்தது. அன்றுதான் எதிர்வீட்டு மௌசுமியின் மகள் துதுல் முதல்முறையாகத் தொட்டியில் இறங்கினாள். வங்காளிக் குழந்தைகளுக்குக் குளிக்கும் முன் கடுகெண்ணெய் தேய்ப்பது அந்த வீடுகளின் பழக்கம். துதுலின் கைகால்கள் மினுமினுத்தன. அவள் ஏறிப்போன பிறகு தொட்டியின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு கோடு படிந்திருந்தது. விசாலம் முகம் சுளித்தாள். சாயங்காலம் வழக்கத்தைவிட இரண்டு பங்கு குளோரின் கரைத்து ஊற்றினாள்.

காலையில் பார்த்தால் தொட்டி முழுவதும் பால் விடாத தேநீர் நிறத்தில் இருந்தது.

குழந்தைகள் துண்டும் கையுமாக வந்துவிட்டார்கள். அம்மாக்களும் கூடிவிட்டார்கள். மாடிவீட்டுப் பிரியம்வதா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள்.

“என்னக்கா, எல்லாருக்குமா டீ போட்டுட்டீங்க? சர்க்கரை போட்டாச்சா?”

தமிழ் தெரியாதவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். விசாலத்துக்கு முகம் சூடேறியது. கூட்டத்தின் ஓரத்தில் அம்மாவோடு துதுல் நின்றிருந்தாள், அன்றும் எண்ணெய் மினுக்கோடு.

“ஏட்டி அனன்யா, துதுல் அம்மாகிட்ட சொல்லு. கடுகெண்ணெயத் தேய்ச்சு அனுப்பினா தண்ணி இப்படித்தான் நாறும். இனிமே எண்ணெயோட ஒருத்தரும் இறங்கக் கூடாது.”

அனன்யா அம்மாவைப் பார்த்தாள். துதுல் அவள் வகுப்புத் தோழி. “நான் சொல்ல மாட்டேம்மா.”

“சொல்லுட்டி. எனக்குப் பேச வந்தா உன்னை ஏன் கேக்கேன்?”

அனன்யா தரையைப் பார்த்தபடி வங்காளியில் சொன்னாள். அம்மா சொன்னதைவிட அது ரொம்பச் சின்னதாக இருந்தது. இருந்தும் போதுமானதாக இருந்தது. மௌசுமி சரி என்று தலையாட்டிவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். கதவை ஓசைப்படாமல் சாத்தினாள்.

வெள்ளிக்கிழமைதோறும் அனன்யாவுக்கு நல்லெண்ணெய் வைத்து விட்டதும், சீயக்காய் முழுக்கப் போகாத தலையோடு அவள் தொட்டிக்குள் குதித்ததும் அப்போது விசாலத்தின் நினைவுக்கு வரவில்லை.

அன்று சாயங்காலம் தண்ணீரைத் தெளியவைக்க இன்னும் கொஞ்சம் குளோரின் போடலாம் என்று நினைத்தாள். வழக்கமாகச் சமையலறைக் குழாயில் பிடித்த வாளியில்தான் தூளைக் கரைப்பாள். அந்தக் கார்ப்பரேஷன் குழாயில் தண்ணீர் வராததால் முற்றத்துப் பம்பிலேயே பிடித்தாள். தூளைப் போட்டுக் கலக்கி வைத்துவிட்டு, குக்கர் விசில் கேட்டு உள்ளே போனாள்.

திரும்பி வந்தபோது வாளித் தண்ணீரும் அதே தேநீர் நிறத்தில் இருந்தது.

யாரும் அதில் கை வைக்கவில்லை. எந்தக் குழந்தையும் இறங்கவில்லை. விசாலம் குனிந்தபடியே நின்றாள். உள்ளே போய், குடிக்கப் பிடித்து வைத்திருந்த கார்ப்பரேஷன் தண்ணீரில் ஒரு சொம்பு எடுத்து, அதில் ஒரு சிட்டிகை தூளைப் போட்டுப் பார்த்தாள். அது தெளிவாகவே இருந்தது. இந்த ஊர் ஆழ்குழாய்த் தண்ணீரில் இரும்பு உண்டு என்பது அவளுக்குத் தெரியாத செய்தியா என்ன? குளியலறைப் பக்கெட்டில் படியும் சிவப்புக் கறையைத் தினமும் தேங்காய் நாரால் தேய்ப்பவள் அவள்தான். கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருந்த இரும்பை அவள் போட்ட குளோரின்தான் துருவாக்கி வெளியே கொண்டுவந்திருக்கிறது. இரண்டு பங்காகப் போட்டதில் வேகமாகவே வந்திருக்கிறது.

அவள் முதலில் செய்த காரியம் வாளியைச் சாக்கடையில் கவிழ்த்ததுதான். கவிழ்க்கும்போது எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள். அதை நினைக்கையில் பிறகு அவளுக்கு இன்னும் கூச்சமாக இருந்தது.

விளக்கேற்றி முருகன் படத்தின் முன் நின்றாள். வாய் தானாகச் சொல்லும் வரிகள் பாதியில் நின்றுவிட்டன. மன்னிப்புக் கேட்கலாம் என்று பார்த்தால், கேட்க வேண்டிய இடம் இதுவல்ல என்று அவளுக்கே தெரிந்தது. கணவர் தியாகராஜனிடம் சொன்னாள். அவர் சட்டையைக் கழற்றியபடியே, அவங்க இதை எப்பவோ மறந்திருப்பாங்க, வேணும்னா ஏதாவது பலகாரம் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வா என்றார். அது சுலபமாக இருந்ததால் அவளுக்குச் சரியென்று பட்டது.

மறுநாள் ரவா கேசரி கிளறி எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். தெரிந்த ஹிந்தியிலும் சைகையிலும், தண்ணீர் சரியாகி வருகிறது, துதுலை அனுப்புங்கள் என்று சொன்னாள். ஏன் கெட்டது என்று சொல்லவில்லை. சொற்கள் வரவில்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மௌசுமியின் முகம் மலர்ந்தது. பாத்திரத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, அக்கா என்ற முறையில் தீதி என்றழைத்து, விசாலத்துக்குப் புரிய வேண்டுமென்று ஹிந்தியில் மெதுவாகப் பேசினாள். “நீங்க சொன்னது நல்லதுக்குத்தான் தீதி. இனிமே எண்ணெயே தேய்க்க மாட்டேன். ரெண்டு தடவை சோப்புப் போட்டுக் குளிப்பாட்டித்தான் அனுப்புவேன்.”

அம்மா கூப்பிட்டதும் துதுல் வந்தாள். பள்ளிக்கூடத்தில் நகம் பார்க்கும்போது நீட்டுவதுபோல இரண்டு கைகளையும் விசாலத்தின் முன் நீட்டினாள். பீர்க்கை நாரால் அழுத்தித் தேய்த்திருந்ததில் முழங்கை சிவந்து, தோல் வறண்டு வெள்ளைக் கோடுகளாக இருந்தது. குழந்தை நிமிர்ந்து பார்த்து, போதுமா என்பதுபோலக் காத்திருந்தது.

விசாலம் என்னவோ முனகிவிட்டுத் திரும்பி வந்தாள். பதிலுக்கு ஒரு நன்றியையும் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். இனி எத்தனை கேசரி கிளறினாலும் அந்தக் கைகளுக்கு ஈடாகாது. எல்லோர் முன்னாலும் சொன்னதை எல்லோர் முன்னாலும்தான் திருப்பி எடுக்க முடியும்.

ஞாயிற்றுக்கிழமை காலை குழந்தைகளும் பெண்களும் முற்றத்தில் இருந்தபோது இரண்டு வாளிகளைக் கொண்டுவந்து வைத்தாள். ஒன்றில் கார்ப்பரேஷன் தண்ணீர், மற்றதில் பம்புத் தண்ணீர். அம்மா என்ன செய்யப்போகிறாள் என்று அனன்யாவுக்குப் புரிந்துவிட்டது. பக்கத்தில் வந்து, “நான் சொல்லட்டாம்மா?” என்று கேட்டாள்.

“வேண்டாம்ட்டி. இதை நானே சொல்லுதேன்.”

இரண்டிலும் குளோரின் போட்டுக் கலக்கினாள். ஒன்று தெளிவாகவே இருக்க, மற்றது எல்லோரும் பார்க்கப் பார்க்கப் பழுப்பேறியது. விசாலம் மௌசுமியின் பக்கம் திரும்பினாள். ஹிந்தியும் வங்காளியும் கலந்த உடைந்த வாக்கியங்களில் பேசினாள். நடுவில் சொல் கிடைக்காமல் இரண்டு தடவை நின்றாள். யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை.

“அன்னைக்கு நான் சொன்னது தப்பு. எண்ணெய் இல்ல. இந்தத் தண்ணியில இரும்பு. அதில மருந்தப் போட்டது நான். பாக்காம உங்க பிள்ளை மேல பழியப் போட்டேன். தெரிஞ்ச பிறகும் உங்க வீட்டுக்கு வந்து சொல்லாமப் போனேன்.”

வாளியில் துரு மெல்ல அடியில் இறங்கிக்கொண்டிருந்தது. மௌசுமி அதைப் பார்த்தாள், பிறகு விசாலத்தைப் பார்த்தாள்.

“வாளியெல்லாம் எதுக்கு தீதி?” என்றாள். “நீங்க சொல்லியிருந்தாலே நான் நம்பியிருப்பேனே.”

விசாலத்துக்கு அதுதான் தாங்கவில்லை. தன் வாயால் வந்ததைத் தன் வாயால் எடுப்பதற்குக்கூட அவளுக்குச் சாட்சி தேவைப்பட்டிருக்கிறது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மௌசுமி கிட்டே வந்து, அவள் கையிலிருந்த கலக்கிய கம்பை வாங்கிக் கீழே வைத்தாள். இந்த இரும்பை எப்படி எடுப்பது என்று கேட்டாள். வடிகட்டியை இரவும் பகலும் ஓட்ட வேண்டும், உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் உருளையை எடுத்து அடிக்கடி கழுவ வேண்டும் என்று விசாலம் சொன்னாள். மௌசுமி புடவையைச் செருகிக்கொண்டு வடிகட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் அந்தச் செந்நிற மடிப்புகளை ஒவ்வொன்றாக விரித்துக் கழுவினார்கள்.

தண்ணீர் தெளிந்து, சோதனைத் தாளும் சரியான நிறம் காட்டிய அன்று துதுல் வாசலில் வந்து நின்றாள். இறங்கவில்லை. அம்மாவின் புடவையை இழுத்து ஏதோ கேட்டாள். மௌசுமி விசாலத்தைப் பார்த்தாள். யாரும் மொழிபெயர்க்காமலே விசாலத்துக்குப் புரிந்தது.

எண்ணெய் குளோரினைக் கொஞ்சம் தின்னும், ஓரத்தில் படியும். அதற்குக் கொஞ்சம் கூட்டிப் போட வேண்டும், துணியால் துடைக்க வேண்டும். வேறொன்றும் இல்லை.

“தேய்ச்சுட்டே வரட்டும்,” என்றாள். “ஓரத்த நான் தொடச்சுக்கிடுதேன்.”

கொஞ்ச நேரத்தில் துதுல் மினுமினுக்கும் கைகளோடு ஏணியில் ஏறினாள். விசாலம் நின்ற பக்கம் வராமல், எதிர்ப்பக்கத்திலேயே அனன்யாவோடு விளையாடினாள். விசாலம் கூப்பிடவில்லை. குழந்தை அப்படித் தள்ளி இருப்பது நியாயம்தான் என்று நினைத்தபடி, பழைய பனியன் துணியை நனைத்துக்கொண்டு, தன் பக்கத்து ஓரத்திலிருந்து துடைக்கத் தொடங்கினாள்.