ரோஸ் நிறக் கைப்பிடி

ஐந்து ஓட்டைகளும் நெருக்கமாக விழுந்திருந்தன. ஒரு காப்பிக் கோப்பையைக் கவிழ்த்தால் மூடிவிடலாம். ஆனால் எல்லாமே தட்டுக்குக் கீழே. ஏழு கஜம் தள்ளி அட்டையில் குத்தியிருந்த காகிதத் தட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

"தட்டு மேல அவ்வளவு இரக்கமா வெல்டாம்மா?" துப்பாக்கிக் கழகத்தின் சுடுமைதானத்தைக் கவனித்துக்கொள்ளும் டுவேய்ன், காதுமூடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுச் சிரித்தான்.

"போடா, உன் வேலையைப் பாரு."

வெல்டா ரிவால்வரைத் திறந்து வெற்றுக் கூடுகளை உதிர்த்தாள். ஐந்தே குண்டு கொள்ளும் குட்டித் துப்பாக்கி. பக்கத்து வீடு இரண்டு மைல் தள்ளி இருக்கும் நெப்ராஸ்கா சமவெளியில், கணவர் இறந்த பிறகு அதுதான் அவளுக்குத் துணை. அதோடு வந்த மரக் கைப்பிடியில் சுண்டு விரலுக்கு இடமே கிடையாது. ஒவ்வொரு முறை சுடும்போதும் கட்டைவிரல் மூட்டில் சுத்தியால் அடித்தது போல வலிக்கும். இப்போது அந்த இடத்தில் பல் ஈறின் நிறத்தில், விரல் விரலாகக் குழி விழுந்த ஒரு புதுக் கைப்பிடி இருந்தது.

"இதை யார் வாயிலேர்ந்து புடுங்கினீங்க?"

"ஆர்லின் பண்ணினது."

"அதானே பார்த்தேன். சுட வேணாம், கடிக்கச் சொல்லுங்க. குண்டாவது மிச்சமாகும்."

ஊரில் பாதிப் பேரின் பல்செட் ஆர்லின் கட்டியதுதான். அதே பொருளில், அவரவர் கைக்கு அச்செடுத்துத் துப்பாக்கிக் கைப்பிடி செய்தால் என்ன என்று அவருக்கு ஒரு யோசனை. முதல் கைப்பிடியை வெல்டாவுக்குத்தான் செய்து கொடுத்தார். காரணம் இருந்தது. கழகத்தின் மாதத் தாளில் இதுபோன்ற சாமான்களைச் சோதித்து எழுதுபவள் அவள். பதினோரு வருடத்தில் ஒரு தடவைகூடப் பொய்யாகப் புகழ்ந்ததில்லை. தலைவருடைய தம்பி தைத்த துப்பாக்கி உறையையே, "உருளைக்கிழங்கு போட்டு வைக்க வசதியானது" என்று எழுதியவள்.

அச்செடுத்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது. துப்பாக்கியின் வடிவில் வெட்டிய கட்டையில், பல்லுக்கு அச்செடுக்கும் மாவைப் பிசைந்து அப்பி, அவளைப் பிடிக்கச் சொன்னார் ஆர்லின். அவள் கைக்கு மேல் தன் கையை வைத்துப் பொத்தினார்.

"மூணு நிமிஷம். இறுகுற வரைக்கும் அசையக் கூடாது."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நீங்க நல்லா இருக்குன்னு எழுதிட்டாப் போதும் வெல்டா. பல் பட்டறையை வித்துட்டு அரிசோனாவுக்குப் பையன்கிட்டப் போயிடுவேன். கைப்பிடி செய்யறதுக்குன்னு எனக்காக ஷெட்டைக் காலி பண்ணி வெச்சிருக்கான்."

"நல்லா இல்லைன்னு எழுதினா?"

"பல்லு கட்டிக்கிட்டு இங்கேயே கிடக்க வேண்டியதுதான்."

சனிக்கிழமைதோறும் கழகத்துச் சமையலறையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, சில்லி என்கிற காரமான கறிக்குழம்பில் இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டியைத் தொட்டுத் தின்பவர் அவர் ஒருவர்தான்.

வெல்டா இன்னும் ஐந்து குண்டு போட்டுச் சுட்டாள். மூட்டு வலிக்கவில்லை. அது அதிசயம்தான். ஆனால் ஐந்தும் மறுபடி கீழேதான் போயின. 'வலி இல்லை, ஆனால் குண்டு தாழ்ந்து போகிறது.' இவ்வளவு எழுதினால் போதும். ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. ஆர்லினும் இங்கேயே இருப்பார்.

டுவேய்ன் பின்னால் வந்து நின்றான். "ஏன் இப்படிக் கழுத்தை நெரிக்கிற மாதிரி பிடிக்கிறீங்க? நீங்க எப்பவும் லேசாத்தானே பிடிப்பீங்க?"

துப்பாக்கியைக் காலி செய்துவிட்டு, வழக்கம்போல லேசாகப் பிடித்துப் பார்த்தாள். விரல்கள் குழிகளில் உட்காரவில்லை. இறுக்கினால்தான் உட்கார்ந்தன. இறுக்கியபடி விசையை இழுத்தால் குழல் தலை கவிழாமல் என்ன செய்யும்? இது துப்பாக்கியைப் பிடிக்கிற கையின் அச்சே அல்ல. அந்த மூன்று நிமிடம் அவள் எதைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்பது அவளுக்குத் தெரியும். குளிர்காற்றிலும் முகம் சுட்டது.

அட்டையைச் சுருட்டிக்கொண்டு நேரே பட்டறைக்கு வண்டியை விட்டாள்.

அலமாரியில் ஊராரின் தாடைகள் சுண்ணாம்பு வார்ப்பாக வரிசையில் இருந்தன. ஆர்லின் அட்டையை விரித்துப் பார்த்தார்.

"எல்லாம் கீழ."

"ம்."

"பரவாயில்ல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தேவைக்கு அதிகமாகவே துடைத்தார். "ஷெட்ல வேற ஏதாவது வெச்சுக்கோன்னு பையன்கிட்டச் சொல்லிடறேன்."

அவள் வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும். சனிக்கிழமைகள் அப்படியே இருக்கும்.

"தப்பு உங்க மேல இல்ல ஆர்லின். அச்செடுத்தப்போ நான் ரொம்பக் கெட்டியாப் பிடிச்சிட்டேன்."

"நீங்களா? எத்தனை வருஷமா சுடுறீங்க! உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்." கடிகாரத்தைப் பார்த்தாள். "என் கையை ஒருத்தர் மூணு நிமிஷம் பிடிச்சு நாலு வருஷம் ஆச்சு."

ஆர்லின் கண்ணாடியை மாட்டிக்கொள்ள மறந்து நின்றார். பிறகு அலமாரியிலிருந்து மாவு டப்பாவை எடுத்தார்.

"இன்னொரு தடவை எடுத்துப் பார்க்கலாமா?"

"எடுங்க. இந்தத் தடவை சரியா வரும்."

கட்டை, மாவு, அவள் கை, அதன் மேல் அவர் கை. இம்முறை அவர் அரிசோனாவைப் பற்றிப் பேசவில்லை. வெல்டா முதலில் சுண்டு விரலைத் தளர்த்தினாள். அப்புறம் அடுத்ததை, அதற்கடுத்ததை. ஒரு துப்பாக்கி கீழே விழாமல் இருக்க எவ்வளவு பிடி வேண்டுமோ அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு பொட்டும் இல்லை. அவ்வளவு லேசாகப் பிடிப்பது இத்தனை சிரமமாக இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. சுவர்க் கடிகாரத்தின் சிவப்பு விநாடி முள் மூன்றாவது சுற்றை முடித்தது.

"ஆச்சு," என்றார் ஆர்லின்.

கையை அவள்தான் முதலில் எடுத்தாள்.