இடமிருந்து ரெண்டு, மேலேருந்து நாலு

"தலைவர் மூக்கு மேல குப்பைத்தொட்டி உக்காந்திருக்கு சார். பாக்கறவன் என்ன நினைப்பான்?" என்றார் செயலாளர்.

விழாவுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அறக்கட்டளைத் தலைவரின் முகத்தை பென் டிரைவில் கொண்டுவந்து, வகுப்பின் பதினான்கு கணினிகளிலும் திரை நிறைய வைக்கச் சொல்லியிருந்தார். வைத்தேன். படத்தில் தலைவர் இடப்பக்கம் சாய்ந்து எதிர்காலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஐகான்களும் அந்தப் பக்கம்தான் இருந்தன. நெற்றியில் ஒன்று, கண்ணில் ஒன்று, மூக்கு நுனியில் அழித்த கோப்புகளைப் போடும் தொட்டி.

"எடுத்துட்டா வகுப்பு நடத்த முடியாதே சார்."

"எடுக்க வேணாம். வலது ஓரமா, கீழ தள்ளுங்க. சின்னதாக்கிடுங்க. அங்க கோட்டு பட்டன்தான் இருக்கு."

தள்ளினேன். மறுக்கலாம் என்று தோன்றக்கூட இல்லை. பின்னால் யாரும் என்னை நல்லவன் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்லிவைக்கிறேன்.

'ஒன்பது முதல் எழுபத்தொன்று வரை, அனைவருக்கும் கணினி' என்று வாசலில் பலகை. ஒன்பது வயதுப் பெண்ணுக்கு நான் தேவைப்படவில்லை. எழுபத்தொரு வயது ஓய்வுபெற்ற தலைமையாசிரியருக்கோ நான் அங்கே நிற்பதே பிடிக்கவில்லை. சொன்ன பேச்சு கேட்காத மவுஸை பெஞ்சு மேல் ஏற்றிவிடுவாரோ என்று எனக்குப் பயம். நிஜமாகவே கற்றுக்கொள்ள வந்தவர் ஒருவர்தான். மருத்துவமனையில் ஆயா வேலை பார்க்கும் அக்கா. ஐம்பத்தாறு வயது. மூன்று மாடி, லிஃப்ட் நோயாளிகளுக்கு மட்டும், முழங்கால் இரண்டும் போய்விட்டன. கீழே பதிவு மேசையில் ஓர் இடம் காலி. உட்கார்ந்து பார்க்கும் வேலை. "கம்ப்யூட்டர்ல சீட்டு போடத் தெரிஞ்சா அந்த இடம் உனக்குத்தான்" என்று மேலாளர் சொல்லியிருந்தார். விழா மேடையில் அக்கா ஒரு நோயாளியின் பெயரைப் பதிந்து சீட்டு எடுத்துக் காட்டுவார், மேலாளர் முன்வரிசையில் இருந்து பார்ப்பார் என்று ஏற்பாடு.

ஐகான்களுக்குக் கீழே ஆங்கிலம். அக்காவுக்குத் தமிழ் மட்டும். அதனால் குறுக்கு வழியில் சொல்லிக்கொடுத்தேன். "எழுத்தைப் பாக்காதீங்கக்கா, இடத்தைப் பிடிச்சுக்கங்க. சீட்டு போடறது இடமிருந்து ரெண்டு, மேலேருந்து நாலு." அதை வாய்ப்பாடாக்கிக்கொண்டார். "வார்டுல டைல்ஸ் தொடைக்கும்போதுகூட எண்ணறேன் வாத்தியாரே. நான் ஏதோ மந்திரம் சொல்றேன்னு ஒரு பேஷன்ட் எந்திரிச்சுக் கும்பிட்டுட்டாரு" என்பார். இரண்டு மாதத்தில் ஒரு நிமிடத்துக்குள் சீட்டு போட்டார். தலைமையாசிரியர் அவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

அன்று அக்கா டியூட்டி முடிந்து நேராக மேடைக்கு வருவதாக இருந்தது. வந்ததும் இடம் மாறிய விஷயத்தைக் காதில் போட்டுவிட நினைத்திருந்தேன். அதற்குள் தலைவரின் நாற்காலிக்கு ஒரு மெத்தை போதவில்லை என்று கண்டுபிடித்துவிட்டார்கள். இன்னொன்று தேடி மூன்று அறைகளைப் புரட்டி, மெத்தையும் கையுமாக நான் திரும்பியபோது அக்கா மேடையில் வைத்திருந்த எங்கள் வகுப்புக் கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

பின்னாலிருந்த பெரிய திரையில் தலைவரின் முகம். அக்காவின் உதடு எண்ணியது. அம்பு மெல்ல நகர்ந்து தலைவரின் கன்னத்தில் போய் நின்றது. இரண்டு முறை தட்டினார். ஒன்றும் திறக்கவில்லை. மறுபடி எண்ணி, மறுபடி அதே கன்னம். பிறகு கண். பிறகு காது. கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது.

தலைவர் மைக்கைப் பிடித்தார். "பாத்தீங்களா? கம்ப்யூட்டரை விட்டுட்டு என்னையே தொட்டுத் தொட்டுப் பாக்கறாங்க. இதுக்குப் பேருதான் பாசம்!"

கைதட்டல். 'வலது பக்கம், கீழே' என்ற மூன்று சொற்கள் என் தொண்டை வரை வந்தன. செயலாளர் உதட்டில் விரல் வைத்தார். நான் மெத்தையைக் கட்டிக்கொண்டு நின்றேன். தலைவர் எழுந்துவந்து அக்காவின் கைமேல் தன் கையை வைத்தார், நான்கு போட்டோ. அவர் பிடித்தபோதும் அம்பு அவர் முகத்தை விட்டு வெளியே போகவில்லை. ஆனால் அதற்கு யாரும் சிரிக்கவில்லை. மேலாளர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வெளியேறினார். பின்பு எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்து, எங்கள் பகுதி நூற்றுக்கு நூறு கணினி அறிவு பெற்றுவிட்டதாக அறிவித்தார்கள்.

"மறக்கல வாத்தியாரே" என்றார் அக்கா, படியோரம். "சத்தியமா மறக்கல. அது அங்க இல்ல."

"பதட்டம்க்கா. மேடை ஏறினா யாருக்கும் அப்படித்தான்" என்றேன்.

நம்பிவிட்டார். "ஆமா, எனக்கு மண்டைல ஏறாதுன்னு எங்க வீட்டுக்காரர் அப்பவே சொன்னாரு" என்று சான்றிதழைச் சுருட்டிக்கொண்டு போனார்.

ஆறு நாள் தாங்கினேன். ஏழாம் நாள் மருத்துவமனைக்குப் போனேன். பதிவு மேசையில் புதிதாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். நான் மாடிப்படியில் ஏறினேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் அக்கா வாளியோடு இறங்கிக்கொண்டிருந்தார், சுவரில் கைவைத்து, பக்கவாட்டில்.

"அக்கா, அன்னிக்கு அதை இடம் மாத்தினது நான்தான். உங்க மேல தப்பே இல்ல."

வாளியைக் கீழே வைத்தார். என்னை ஒருமுறை பார்த்தார்.

"தள்ளி நில்லுங்க சார். கால்ல சிந்திரும்."

சுவரோடு ஒட்டி நின்றேன். வாளியை ஒரு படி கீழே இறக்கி வைத்தார். வலது காலை அதன் பக்கத்தில் வைத்தார். இடது காலை இழுத்துக்கொண்டுவந்து சேர்த்தார். வாளியில் தண்ணீர் விளிம்பு வரை ஏறி இறங்கியது. அது அடங்கும்வரை காத்திருந்து, அடுத்த படிக்கு வாளியைத் தூக்கினார்.